நாலாம் குழாயில் ஏறிய தண்ணீர்

ஆகஸ்ட் 4, திங்கள். சோஹார், ஓமான்
விடிந்ததுமே புழுக்கம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தே சட்டை நுனி ஈரம்.

செப்புச் சுரங்கத்தின் அடியில் பாறை சரிந்து இன்றும் நிலம் ஆடியது. ஆடினால் எனக்கு டியூட்டி: சுரங்கக் கழிவைத் தேக்கும் மண் அணையடி கேபினில் மாலை வரை அதிர்வு வரைபடம் பார்ப்பது, பிறகு அணையில் இறக்கிய ஆறு குழாய்களிலும் நீர்மட்டம் அளப்பது. ஐந்து சாது. நாலாம் குழாய், கு.4, மட்டும் ஒரு சாண் ஏற்றம். ஆடும்போதெல்லாம் இதே கதை. அணை உள்ளே கசிகிறதா? அதற்குக் கீழேதான் எங்கள் கேம்ப், நாற்பது பேர்.

வாங்க: பேட்டரி, பற்பசை.

5, செவ்வாய்
மேரி மேடத்துக்கு ரிப்போர்ட். எங்கள் இன்ஜினியர், நாகர்கோவில்காரர். உடனே போன். "நாளைக்கே கேம்பைக் காலி பண்ணிருங்க. மனுஷங்க இருக்கிற இடம்."

சமையல் காசிம் பாய் அடுப்பில் கறி இருக்கும்போதே கத்தினார். "இவ்வளவு சாமானையும் தூக்கிக்கிட்டு எங்கே தம்பி போறது?" கறியில் உப்பு இல்லை.

6, புதன்
லாரியில் கட்டில்கள் ஏறின. எல்லோரும் டவுன் பக்கம் பழைய கேம்புக்கு. அளக்க நான் மட்டும்.

மதியம் கு.4 போனேன். மூடி ஓரம் உடைசல். அதற்குள் ஒரு ட்யூப். பிடித்துக்கொண்டே போனால் என் கேபின் ஏசி! வாசலில் சேறாகிறதென்று போன மாதம் ஏசித் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பியவன் சாட்சாத் நான்தான். நிலம் ஆடினால் நான் கேபினில். நான் கேபினில் என்றால் ஏசி. ஏசி ஓடினால் கு.4-இல் தண்ணீர். வெட்கம் பிடுங்கித் தின்றது. சிரிப்பும் அடங்கவில்லை.

மூடியை மாற்றிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். "சரி. குழாயை இறைச்சு விடுங்க. அடுத்த தடவை ஆடும்போது அளந்து காட்டுங்க. அதுவரை யாரும் திரும்ப வேண்டாம்."

10, ஞாயிறு
காலை டீ தளும்பியது. இதுவரை வந்ததிலேயே பெரிய ஆட்டம். நாள் முழுக்க ஏசி, ட்யூப் வாளியில். மாலையில் அளந்தால் ஆறு குழாயிலும் நீர்மட்டம் அசையவில்லை. மேடமே வந்து மறுபடி அளந்தார், சரிவு முழுக்க நடந்தார். விரிசல் மாஃபி, ஒன்றுகூட இல்லை. "கலாஸ், முடிஞ்சது. எல்லாரையும் கூப்பிடுங்க."

நிம்மதி. இரண்டு பிரியாணி சாப்பிட்டேன்.

11, திங்கள்
லாரி திரும்பியது. எனக்குப் புதுப் பட்டம்: ஏசி இன்ஜினியர். காசிம் பாய் மட்டும் இறங்க மறுத்தார். அணைக்கு மிக அருகே அவர் ரூம்தான். அளவுக் காகிதத்தை நீட்டினேன், பார்க்கவே இல்லை.

"சொல்றது நீ. படுக்கிறது நான். அதெப்படித் தம்பி?"

நியாயம்தான். என் கட்டிலைத் தூக்கிப்போய் அவர் ரூமில், அணைப் பக்கச் சுவரோரம் போட்டேன். லாரியிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்தார்.

"குறட்டை விடுவியா?" என்றார்.