கோச் அங்கிளும் இருக்கிற குழு

ஒக்டோபர் 5, ஞாயிறு

இன்றும் தோற்றோம். தொடர்ந்து இது ஆறாவது ஆட்டம். கோல் காப்பாளராக நின்று நாலு கோலையும் விட்டவள் நான்தான். வீடு வந்து சேருவதற்குள் பயிற்சியாளரை மாற்றலாமா என்று பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்துவிட்டார்கள். அவரும் அதே குழுவில் இருப்பது ஒருவருக்கும் நினைவில்லை.

“அப்பா, கோச் அங்கிளும் பாப்பாரெல்லோ?”

“ஐயோ! உந்த வாக்கெடுப்பை ஆர் போட்டது? இந்தா பிள்ளை, நீயே அமத்து. எனக்கு உந்தப் பந்தைப் பற்றி என்ன தெரியும்?”

‘வேண்டாம்’ என்பதை அழுத்தினேன். ‘மாற்றலாம்’ என்பதற்குக் கீழே ஒன்பது பெயர்கள். கடைசிப் பெயர் கோச் அங்கிளுடையது.

பிறகு அவரே எழுதினார்: “பிள்ளையள், செவ்வாய் ஆறு மணிக்குப் பயிற்சி. குளிரும், ஜக்கெற் கொண்டு வாங்கோ.”

ஒருவரும் பதில் போடவில்லை. அப்பாவின் போனிலிருந்தே “ஓம் அங்கிள், வாறன்” என்று அனுப்பினேன். ‘வேண்டாம்’ என்று அழுத்தியதும் நான்தான் என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். தெரியட்டும்.