யாரும் கேட்காத அவுட்

ஜூலை 7, திங்கள்

வெயில். எட்டு மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. துணி காயப்போட்டது நான்தான். இன்று முதல் வேலை இல்லாத ஆள்.

சனிக்கிழமை ஆட்டத்தில், கடைசி ஓவரில், நான் கொடுத்த எல்.பி.டபிள்யூ.வுக்காக லீக்கில் இருந்து மெயில். "விசாரணை முடியும் வரை அம்பயர் பணியில் இருந்து ஓய்வு." கூடவே ஒப்பந்தத்தில் ஒரு பிரிவையும் ஞாபகப்படுத்தியிருக்கிறார்கள். பத்திரிகை, டி.வி., ஃபேஸ்புக், எங்கேயும் நான் வாய் திறக்கக் கூடாது. அவுட் ஆன கேப்டன் பேசலாம். பேசிக்கொண்டேதான் இருக்கிறார். கமெண்ட்ரிக்காரர்கள் பேசலாம். மயிலாப்பூர் முழுக்கப் பேசலாம். நான் மட்டும் கூடாது.

லிஃப்டில் மூன்றாம் மாடி மாமா: "என்ன சார், கண்ணாடி மாத்தணுமோ?"

சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அது வாய் திறந்ததில் சேருமா, தெரியவில்லை.

வாங்க வேண்டியது: கறிவேப்பிலை, மனைவி வித்யாவின் மாத்திரை, பேனா.

ஜூலை 8, செவ்வாய்

மிக்ஸி ஜார் ரிப்பேர். தி. நகருக்கு ஆட்டோ. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாவிட்டால் என்னை ஒருவருக்கும் தெரியாது. டிரைவருக்கும் தெரியவில்லை. பனகல் பார்க் சிக்னலில் என் பக்கம் திரும்பினார்.

"மேட்ச் பாத்தியா சார்? கடைசி ஓவர்ல அந்த அம்பயர் இன்னா பண்ணான் பாத்தியா? துட்டு வாங்கிக்கினான் சார். மூஞ்சப் பாத்தாலே தெரியுது."

"பாக்கலைப்பா."

"பாக்காததே நல்லது. எனக்கு நைட்டு ஃபுல்லா தூக்கமே வர்ல."

எனக்கும்தான். ஜார் சரியாகிவிட்டது, மூடி மட்டும் இறுக்கம்.

சாயங்காலம் வித்யா பள்ளியில் இருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நான் ஸ்டாஃப் ரூம்ல நுழைஞ்சதும் எல்லாரும் பேச்சை நிறுத்திட்டா. உண்மையைச் சொல்லுங்கோ, அது அவுட்தானே?"

"அவுட்தான்."

"அப்புறம் ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்துண்டிருக்கேள்?"

குக்கர் விசில் வந்தது நல்லதாகப் போயிற்று.

ஜூலை 9, புதன்

புழுக்கம். இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

அந்த எல்.பி. பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. தூங்க விடாதது வேறு ஒன்று. அதே ஆட்டம், அதே கேப்டனின் அணி, பதினாலாவது ஓவர். சரவணன் என்று ஒரு பையன். வேளச்சேரி. முதல் மேட்ச், முதல் பந்து. பந்து கீப்பர் கைக்குப் போனது, ஏதோ சத்தம், எல்லோரும் கத்தினார்கள், விரலைத் தூக்கிவிட்டேன். விரல் மேலே போகும்போதே தெரிந்துவிட்டது. மட்டை அவன் கால் பேடில் உரசிய சத்தம் அது. பந்து தனியாகப் போனது.

முடிவை எதிர்த்துக் கேட்க அந்த அணிக்கு ரிவ்யூவும் மிச்சம் இல்லை. கேப்டன் இரண்டையும் முன்பே வீணடித்திருந்தார். பையன் மட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நடந்தான். டி.வி.யில் விளம்பரம். ஓவர் முடிந்து என்னைக் கடக்கும்போது கீப்பர் சன்னமாகச் சொன்னார்: "தேங்க்ஸ் சார்."

அவனைத் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். உடனே செய்தால் விதியில் இடமிருக்கிறது. கூப்பிடவில்லை. அத்தனை கேமரா முன்னால் நான் செய்தது தப்பு என்று சொல்லப் பயம். வேறு காரணம் தேடித் தேடிப் பார்க்கிறேன், அகப்படவில்லை.

அதைப் பற்றி இதுவரை ஒரு ஆள் கேட்கவில்லை. கேப்டன் அவுட் ஆனால் நாடே கேட்கும். சரவணன் அவுட் ஆனால் அவன் அம்மா கேட்பாள்.

ஜூலை 10, வியாழன்

காலையில் தூறல். நந்தனத்தில் விசாரணை. ஏ.சி. குளிர், நாலு நாற்காலி, ஒரு பெரிய திரை. எல்.பி.யைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். பந்து போகும் வழிக்குக் கோடு போட்டார்கள். நடு ஸ்டம்ப்.

கமிட்டித் தலைவர் கை கொடுத்தார். "உங்க மேல தப்பே இல்ல ரகு. நாளைக்கு அறிக்கை விட்டுடறோம். மத்த டெசிஷன் எல்லாத்தையும் பாத்தாச்சு. ஓ.கே."

"பதினாலாவது ஓவர்ல ஒரு கேட்ச் சார்..."

"அதுவா? சத்தம் கேக்குதே. சரின்னு போட்டாச்சு."

"இல்ல சார், அது வந்து..."

"ரகு." பேனாவை மூடினார். "அடுத்த வருஷ கான்ட்ராக்ட் லிஸ்ட் இந்த வாரம் போகுது. இப்பதான் ஒரு சண்டையிலேருந்து வெளிய வந்திருக்கோம். அதைப் பத்தி யாராவது கேட்டாங்களா?"

"கேக்கல."

"அப்புறம் என்ன?"

டீ வந்தது. குடித்தேன். சர்க்கரை அதிகம். பேங்க் வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவன் நான். இந்த வயதில் எந்தப் பேங்க் திரும்ப எடுக்கும்?

ஜூலை 11, வெள்ளி

அறிக்கை வந்துவிட்டது. மூன்றாம் மாடி மாமா லிஃப்டில் குலுக்கிய கையை விடவே இல்லை. வித்யா பால் பாயசம் வைத்தாள். "இனிமேலாவது சிரிச்ச முகமா இருங்கோ." இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். இல்லாவிட்டால் கேள்வி வரும்.

வேலை இல்லாத அந்த நாலு நாளே தேவலை. அப்போது திட்டினார்கள். திட்டு சரியான ஆளுக்குத்தான் வந்தது, காரணம்தான் தப்பு. இப்போது அதுவும் இல்லை.

ஷூவுக்கு வெள்ளை பாலிஷ் தீர்ந்துவிட்டது.

ஜூலை 12, சனி

மேகமூட்டம். மழை வரும் என்று நம்பினேன். வரவில்லை. அதே அணியின் ஆட்டத்துக்கு என்னையே போட்டிருக்கிறார்கள், ஊர் பார்க்கட்டும் என்று.

சரவணன் பதினொருவரில் இல்லை. தண்ணீர் தூக்குகிறான். டிரிங்க்ஸ் இடைவேளையில் எனக்கும் ஒரு பாட்டில் கொண்டுவந்தான்.

"உங்க எல்பி கரெக்ட்டுன்னு வந்துச்சுல்ல சார். சந்தோஷம் சார்."

"நீ ஏன் ஆடலை?"

"அன்னிக்கு டீம் மேனேஜராண்ட பந்து மட்டைல படவே இல்லன்னு சண்ட போட்டுட்டேன் சார். மொத மேட்ச்லயே அம்பயர கொற சொல்றியான்னு உக்கார வெச்சிட்டாரு." மைதானத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நேத்து நியூஸ் பாத்தேன். அவ்ளோ கஷ்டமான அவுட்டயே கரெக்ட்டா குடுத்துக்கிறாரு, என்னுதையா தப்பா குடுத்திருப்பாருன்னு தோணுச்சு. பட்டிருக்கும் சார். எனக்குத்தான் தெரியல. மேனேஜராண்ட சாரி கேட்டுட்டேன்."

பாட்டில் மூடி எனக்குத் திறக்க வரவில்லை. அவனே திறந்து கொடுத்தான்.

"படலை சரவணா. நான் பாத்தேன். என் தப்புதான்."

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. பாட்டில்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டு கிளம்பினான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தான்.

"இத மேனேஜராண்ட சொல்லுவீங்களா சார்?"

மேனேஜர் எல்லைக் கோட்டை ஒட்டித்தான் நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கையாட்டினார். சரவணன் அவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

கையைத் தூக்கி, ஆட்டம் தொடரட்டும் என்று சைகை செய்தேன்.