பதினொரு வள்ளங்களின் மனுக்களை அழித்த கொம்பியூட்டர்

அனுப்புநர்:
மா. சீவரத்தினம்,
பலசரக்கு, வள்ளச் சாமான் வியாபாரம், ரைப்பிங் நிலையம்,
நெல்லியடி, கரவெட்டி.

பெறுநர்:
உதவி அரசாங்க அதிபர் அவர்கள்,
பருத்தித்துறை.

பொருள்: கொம்பியூட்டரில் அழிந்த வள்ள நட்டஈட்டு மனுக்களுக்குத் தவணை கோருதலும், பழக்கமில்லாதவர்களும் கையாளக்கூடியதாக எழுத்துப் புறோகிராமைத் திருத்துவித்தலும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. வல்வெட்டித்துறை வள்ளக்காரர் பதினொரு பேருக்காக எனது கடையில் கொம்பியூட்டரில் அடித்த நட்டஈட்டு மனுக்கள் முழுவதும் அழிந்துவிட்டன. கையெழுத்துப் பிரதிகளும் இல்லை. மனு ஏற்கும் கடைசி நாள் இம்மாதம் 31 என்பது தாங்கள் அறிந்ததே.

2. நடந்தது இதுதான். நவராத்திரியின் கடைசி மூன்று நாளும் எங்கள் கடையில் மெசின்களைத் தொடுவதில்லை. துடைத்து, சந்தனப் பொட்டு வைத்துப் பூசையில் விடுவோம். அதற்கு முதல்நாள் ரைப்பிஸ்ட் செல்வி மீனாம்பிகை காலையிலிருந்து பொழுதுபடும்வரை குந்தியிருந்து மனுக்களை அடித்து முடித்தார். கொழும்பிலிருந்து அச்செடுக்கும் மெசினுக்கு மை நாடா வராதபடியால் கடதாசியில் எடுக்கவில்லை. கொம்பியூட்டர்ப் பெட்டியை நிற்பாட்டப் போனபோது திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. அவர் சம்மதம் சொல்லும் ஓம் விசையை அழுத்தினார். "அடித்ததை எறிந்துவிடவா?" என்பதே அந்தக் கேள்வி என்பதைப் பின்னர் அதைத் திரும்பத் திரையில் வரவழைத்து, ஒரு ஆசிரியர் வாசித்துச் சொல்லித்தான் அறிந்தோம்.

3. அவரில் பிழையில்லை. பெட்டியைக் கொண்டுவந்து பொருத்தித் தந்த கொம்பனிக்காரர் என் முன்னிலையில் சொன்ன பாடம், "தங்கச்சி, பெட்டி என்னத்தைக் கேட்டாலும் ஓம் எண்டு அடியுங்கோ, பிழைக்காது" என்பதாகும். இப்போது அந்தப் பிள்ளை, "நான்தானே அண்ணை ஓம் எண்டு அடிச்சனான்" என்று சொல்லிச் சொல்லி அழுகிறார்.

4. பூசைக்குக் கடையைத் துப்புரவாக்கியபோது, அடித்து முடிந்த கையெழுத்துப் பிரதிகளை வழக்கம்போலப் பலசரக்குப் பக்கத்துக்கு, தூளும் சீரகமும் கட்டும் சரை சுற்றக் கொடுத்துவிட்டோம். ரைப்ரைட்டரில் அடித்தால் எழுத்து கடதாசியில் நிற்கும்; அந்த நம்பிக்கையில் செய்த காரியம். விஜயதசமியன்று தேங்காய் உடைத்துப் பெட்டியைத் திறந்தோம். வெறுந்திரை. அதற்குள் பிரதிகள் மிளகாய்த்தூளோடு வீடுவீடாகப் போய்விட்டன. அடுப்படிகளில் ஏறி இறங்கிக் கேட்டேன், எரித்துவிட்டார்கள்.

5. பத்துப் பேர் விபரங்களைத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். பதினோராவது ஆளான இரத்தினம்மாவால் முடியாது. சென்ற வருட வைகாசிச் சண்டையில் வள்ளமும் வீடும் பத்திரங்களோடு எரிந்தன. எஞ்சின் நம்பர் அவருடைய கணவர் தம்பிஐயாவின் வாயில் மட்டுமே இருந்தது. படுக்கையில் கிடந்தபடி அவர் சொல்ல, மீனாம்பிகை எழுதி வந்தார். இவ்வருட ஆவணியில் தம்பிஐயா காலமானார். "அந்த மனுசன் மூச்சிழுத்துச் சொன்ன நம்பரிலை சீரகம் சுத்திக் குடுத்திட்டியளே, முதலாளி" என்று இரத்தினம்மா கடை நிறையச் சனத்துக்கு முன்னால் கேட்டார். எஞ்சின் இருந்தால் பிறர் வள்ளத்தில் பங்குக்குப் பூட்டிப் பிழைக்கலாம்; இல்லையேல் அவருடைய மூன்று பெண்பிள்ளைகளுக்கும் கடல் இல்லை.

6. ஐயா, தங்கள் காரியாலயத்துக்கும் இதே புறோகிராம் வாங்கும் யோசனை உண்டென்று கேள்வி. வாங்குபவர் சொன்னால்தான் விற்பவன் கேட்பான்; இது என் தொழில் அனுபவம். அடித்ததைப் பெட்டி தானாகவே ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். எறிவதென்றால் தமிழில் கேட்க வேண்டும். ஒற்றை விசையில் எறியக் கூடாது. என் கடையில் ஒருவர் வாங்கிய சாமானை மறந்து எழும்பினால் கூப்பிட்டுக் கொடுக்கிறோம். இந்தப் பெட்டி மறந்தவரைக் கூப்பிடாதது மட்டுமல்ல, சாமானையும் தெருவில் வீசுகிறது. இதைத் திருத்தும்வரை வாங்குவதற்குக் கையொப்பம் வைக்க வேண்டாமென மன்றாடுகிறேன்.

7. மனுக்களுக்குக் கார்த்திகை நடுப்பகுதிவரை தவணை தந்து, இரத்தினம்மாவின் மனுவை எஞ்சின் நம்பர் இன்றி, கிராம சேவகரின் உறுதியுடன் ஏற்றருள வேண்டும். வேறு கதவு எனக்குத் தெரியவில்லை, ஐயா.

8. நேற்று அயலவர் முன்னிலையில் இரத்தினம்மாவோடு பேசி முடித்ததையும் தெரிவிக்கிறேன். பதினொரு மனுக்களையும் பழைய ரைப்ரைட்டரில் கூலியின்றி அடித்துக் கொடுப்பேன். அவருடைய மனு மறுக்கப்பட்டால், என் களஞ்சியத்தில் நிற்கும் புது எஞ்சின் தைப்பொங்கலுக்கு முன் அவர் வாசலில் இறங்கும். அதன் நம்பரை எழுதிக் கொடுக்கப் போனேன். கடதாசி வேண்டாமென்று, என்னை வாயால் சொல்லச் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டு போனார்.

தங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
மா. சீவரத்தினம்
(ஒப்பம்)

நெல்லியடி
22.10.1988