தண்ணீர் மட்டும் வரும்வரை

என்னங்க,

இன்று காலை தட்டாஞ்சாவடிப் பட்டறைக்குள் நுழைந்ததும் ஓமத்தண்ணீர் வாசனை. அந்தோணிதான் குடித்துக்கொண்டிருந்தார், ஒரு கையால் நெஞ்சைத் தேய்த்தபடி. நீங்கள் வேலைக்குச் சேர்த்த அந்தோணிக்கு இப்போது தலையெல்லாம் நரை.

"ஒண்ணுமில்ல அண்ணி, காத்துதான். ஏப்பம் வந்தா சரியாப் போயிடும்."

அன்றைக்கு நீங்களும் இதைத்தானே சொன்னீர்கள்? இப்படியே, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு.

கல்யாணமான புதிதில், பட்டறையில் செய்கிற கம்ப்ரசர் டேங்க்கில் ஏன் தண்ணீரை நிரப்பிச் சோதிக்கிறீர்கள், அது காற்றை அடைக்கிற டேங்க்தானே என்று கேட்டேன். "அடி போடி! தண்ணி அமுங்காது. வெல்டிங் விட்டா கொஞ்சம் பீச்சிட்டு அடங்கிடும். காத்து அமுங்கி அமுங்கி உள்ளயே சுருண்டு கெடக்கும். விட்டுச்சுன்னா ஆளையே தூக்கிடும்" என்றீர்கள். டேங்க்கின் மேல் திருகைத் திறந்துவைத்து, குமிழி நின்று தண்ணீர் மட்டும் வழிந்த பிறகுதான் மூடுவீர்கள். கைப்பம்பை நாலு அடி அடித்தும் பிரஷர் மீட்டர் முள் சோம்பலாக ஏறினால், உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று நிறுத்திவிடுவீர்கள். மறுபடி திருகு, மறுபடி தண்ணீர். வெளியே டேங்க் ஏற்ற வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தால், "நிக்கட்டும்" என்று ஒரே சொல்.

டேங்க்குக்குள் ஒரு குமிழியைக்கூட நம்பாத மனுஷன், உங்கள் நெஞ்சுக்குள் இருந்ததை மட்டும் எப்படி வெறும் காற்று என்று நம்பினீர்கள்? மாதாவே, இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. "லாரி நிக்குது, சாயங்காலம் டாக்டரப் பாக்கலாம்" என்றீர்கள். மத்தியானமே போய்விட்டீர்கள்.

இன்றும் வாசலில் லாரி. அந்தோணி கைப்பம்பைப் பிடித்துவிட்டார்.

"அத வை. ஆட்டோவுல ஏறு."

"லோடு நிக்குதே அண்ணி!"

"நிக்கட்டும்."

ஆஸ்பத்திரியில் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன், நடந்தேன், நர்ஸிடம் இரண்டு தடவை திட்டு வாங்கினேன். இ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். கடைசியில் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். "வெறும் கேஸ்தாம்மா. காரத்தக் குறைக்கச் சொல்லுங்க."

பெரிய மார்க்கெட் நெரிசலில் ஆட்டோ நின்றபோது அந்தோணி ஆரம்பித்தார். "நான் சொன்னப்பவே கேட்டீங்களா? நல்லவேள, என் வயித்தக் கிழிச்சுப் பாக்கச் சொல்லாம விட்டீங்க!" எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டேன். பாவம், அந்த ஆள் பயந்துபோய்த் தோள் துண்டை எடுத்து நீட்டினார்.

பட்டறைக்கு வந்ததும் நானே மேல் திருகைத் திறந்தேன். குமிழி வந்தது. தண்ணீர் மட்டும் வரும்வரை காத்திருந்து மூடினேன். இந்தப் பழக்கம் கையோடு ஒட்டிவிட்டது, போகாது.

வெறும் காற்றுதான் என்று தெரிந்துகொண்டு வர ஒரு முற்பகல்கூட ஆகவில்லை, என்னங்க. லாரி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது.