நான் போடாத ஊசி

அம்மா,

முதலில் உங்கள் ஆசி வேண்டும். முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

தொலைக்காட்சியில் என் பெயர் வந்தால் பதறாதீர்கள். நம் சான் பெத்ரோ ஊரே தலையில் வைத்து ஆடும் பேஸ்பால் வீரன் மெரான், ஊக்கமருந்து போட்டுக்கொண்டதாக அமெரிக்க அரசாங்கம் விசாரிக்கிறது. அவன் அணிக்குத் துணி துவைப்பவன் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தின நாள் அவன் வந்து என் தோளில் கைபோட்டான்.

“எலாதியோ, வைட்டமின்னு சொல்லி நீதான் ஊசி போட்டேன்னு சொல்லிருடா. துணி தொவைக்கிறவன், உனக்கு என்ன பேரா கெடப்போவுது?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, அம்மா. “எனக்கும் பேரு இருக்குடா! எங்கம்மா வச்ச பேரு!” என்று கத்தி, அவன் கையைத் தட்டிவிட்டேன்.

அவன் பையில் ஊசிகளைப் பார்த்ததையும், அவன் சொல்லச் சொன்ன பொய்யையும் அதிகாரிகளிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மறுநாளே அணியில் என்னை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். அவன் இன்னும் ஆடுகிறான், ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். பார்த்தால் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றுகிறது.

ஒரு சலவைக்கடையில் வேலை கேட்டிருக்கிறேன். யாராவது இங்கே வந்தால் நம் காப்பித்தூள் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். பழைய நண்பர்கள் யாரும் இப்போது என்னோடு உட்கார்ந்து காப்பி குடிப்பதில்லை.

கூடத்தில் மாட்டியிருக்கும் மெரான் படத்தைக் கழற்றுங்கள். கிழிக்க வேண்டாம், கோயிலில் அவன் அம்மாவைப் பார்த்தால் கொடுத்துவிடுங்கள். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவன்மேல் இருப்பது இப்போதைக்கு ஆறாது.

நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதினேன், பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகன்,
எலாதியோ