கள்ள முடிச்சு

டப்ளின், கலிபோர்னியா
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள கண்மணிக்கு, நஞ்சுண்டன் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு சிவராமகிருஷ்ணன் சார் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்கிற வரியை இந்தத் தடவை விட்டுவிடச் சொன்னேன். அதைக் கேட்கத்தான் கடிதமே எழுதுகிறேன்.

சார் மெட்ராஸ்காரர், பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். நான் பேசுவதை நல்ல தமிழாக்கி எழுதுகிறார். ரொம்பவும் நல்லதாக்க வேண்டாம், வேறு யாரோ எழுதினது என்று நினைத்துவிடுவாள் என்றேன். நீ ஐந்தாவது வரை படித்தவள். இதை யார் கையிலும் கொடுக்காமல் நீயே படி. நம் மகள் தென்றல்கூடப் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

முதலில் நல்ல சேதி. பேத்தியின் முகூர்த்த ரவிக்கை முடிந்தது. நம் மகன் இனியன் காரை வெளியே நிறுத்திவிட்டு, கராஜில் எனக்கு ஒரு கரண்ட் தையல் மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறான். காலை வைத்தால் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. ஓவியா அளவு கொடுக்க வந்தாள். கையை அகல விரித்துக்கொண்டு நின்று, "மெஷர் பண்ணுங்க தாத்தா" என்றாள். எனக்குக் கை எழவில்லை. அரண்மனையில் ஆளைத் தொடாமலே தைத்த பழக்கம். கடைசியில் மருமகள் விஷாகாதான் நூல் பிடித்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். பாவாடையில் போன் வைக்க ஒரு பாக்கெட்டும் வேண்டுமாம். பெரிய ராணியம்மாகூட என்னிடம் பாக்கெட் கேட்டதில்லை என்றேன். "அவங்ககிட்ட போன் இல்லையே தாத்தா" என்கிறாள். தைத்துக் கொடுத்துவிட்டேன்.

இனி உன் விஷயம். கல்யாணத்துக்கு நீ வருவாய் என்றுதான் நான் முன்னால் கிளம்பி வந்தேன். முதலில் முழங்கால் வலி என்றாய். பிறகு மாட்டைப் பார்க்க ஆளில்லை என்றாய். சரி, ரவிக்கையாவது தைத்து வைக்கிறேன், அளவு அனுப்பு என்றேன். கோயமுத்தூரிலிருந்து வந்த சாய்ராம் தம்பி மிளகாய்த்தூளோடு உன் அளவு நூலையும் கொண்டுவந்து கொடுத்தான்.

இந்த இடத்தில் சார் பேனாவை வைத்துவிட்டு, அது என்ன அளவு நூல் என்று கேட்டார். உனக்குத் தெரிந்த கதைதான். அவருக்குச் சொன்னேன், அதையும் எழுதிக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

எனக்கு அரண்மனையில் வேலை கிடைத்ததே எழுத்து தெரியாததால்தான். பத்தொன்பது வயதில் போய் நின்றேன். எழுதப் படிக்கத் தெரியுமா என்று காரியஸ்தர் கேட்டார். தெரியாதுங்க என்றேன். அப்படியானால் நாளைக்கே வந்துவிடு என்றார். ராணியம்மாக்களின் உடம்பு அளவு ஒரு காகிதத்திலும் ஏறக்கூடாது. தையற்காரன் அவர்களைத் தொடவும் கூடாது, பார்க்கவும் கூடாது. உள்ளே தாதிப்பெண் நூல் பிடித்து, மார்புக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒன்று, கைச்சுற்றுக்கு ஒன்று, கை நீளத்துக்கு ஒன்று என்று போட்டுக் கொண்டுவருவாள். அந்த நூல்தான் எனக்குக் கணக்கு, புத்தகம் எல்லாம். அந்தத் தாதிப்பெண் நீ.

சின்ன ராஜகுமாரி கல்யாணத்துக்குப் பெரிய ராணியம்மாவுக்கு ஊதா வெல்வெட்டில் ரவிக்கை தைத்தேன். நூலில் வந்த அளவுக்கு இம்மி பிசகவில்லை. பந்தலில் அவர்கள் வந்து நின்றபோது தோளில் சட்டை தொங்கிற்று, கொடியில் போட்ட துணி மாதிரி. நஞ்சுண்டன் கை போயிற்று என்று சமையற்கட்டு வரைக்கும் பேசினார்கள். எட்டாம் நாள் நீ தையல் கூடத்து வாசலில் வந்து நின்று அழுதாய். "நான் அம்மாவ அளக்கலீங்க, பழைய ரவிக்கையத்தான் அளந்தேனுங்க. கல்யாணம் முடியற வரைக்கும் சீக்கு ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்க" என்றாய். அந்த ஆடியில் ராணியம்மா போய்விட்டார்கள்.

அப்போதுதான் நாம் பேசி வைத்தோம். இனிமேல் பொய் அளவு கொண்டுவரச் சொன்னால், நூலின் நுனியில் சின்னதாக ஒரு கள்ள முடிச்சு போட்டுவிடு, நான் புரிந்துகொள்கிறேன் என்று. நீ போட்டாய். அடுத்த தை மாதமே உன்னைப் பெண் கேட்டு வந்துவிட்டேன்.

இப்போது நீ அனுப்பிய நூலில் கள்ள முடிச்சு இல்லை. மூன்று தடவை தடவிப் பார்த்தேன். அதனால் நிஜ அளவு என்றுதான் துணியை விரித்தேன். பச்சைப் பட்டு, அரக்கு ஓரம், உனக்குப் பிடித்தது. சாக்பீஸை எடுத்துக் கை நீளத்துக்கு வந்தபோது விரல் நின்றுவிட்டது.

கண்மணி, இனியன் வீடு வாங்கின வருஷம் உனக்கு ஒரு ரவிக்கை தைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? எனக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கையை அரை விரல் நீளமாக வெட்டிவிட்டேன். இருக்கட்டுங்க, யார் பார்க்கப் போறாங்க என்று நீ அதையே போட்டுக்கொண்டாய். அந்த அரை விரல் இந்த நூலில் அப்படியே இருக்கிறது. நான் பண்ணின தப்பு உன் ரவிக்கையில்தான் இருக்கும், உன் உடம்பில் எப்படி இருக்கும்? நீ உன்னை அளக்கவில்லை. அந்த ரவிக்கையை அளந்து அனுப்பியிருக்கிறாய்.

வீடியோவில் நீ முகத்தை மட்டும்தான் காட்டுகிறாய். போன மாசி வரை சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டிய வளையல், அன்றைக்குத் தலைமுடியை ஒதுக்கினபோது முழங்கைக்குப் போய் விழுந்தது. அடுத்த வாரம் வளையலே இல்லை. கேட்டால், "நல்லாத்தானுங்க இருக்கறேன், நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்பாய். தென்றலைக் கூப்பிட்டேன். "அத அம்மாவே சொல்லுவாங்கப்பா" என்றாள். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

ராணியம்மாவுக்கு நீ செய்துகொடுத்த சத்தியத்தை, இப்போது நீயே மகளிடம் வாங்கியிருக்கிறாய். எனக்குக் கோபம்கூட வருகிறது. அம்பது வருஷம் ஒரு நூல் பொய் சொல்லாதவள் நீ.

ஊருக்குப் போகிறேன் என்று இனியனிடம் சொன்னேன். "அப்பா, கல்யாணத்துக்கு இன்னும் பன்னண்டு நாள்தாம்பா இருக்கு" என்றான். இரண்டு நூலையும் அவன் கையில் வைத்தேன். உன் பழைய நூல் எப்போதும் என் ஊசி டப்பாவில் இருக்கும், அது உனக்குத் தெரியாது. அவன் இரண்டையும் சேர்த்து நீட்டி, கை முடிச்சு அரை விரல் தள்ளி நிற்பதைப் பார்த்தான். மடித்தான். கராஜ் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து போய் வெள்ளிக்கிழமைக்கு எனக்கு டிக்கெட் போட்டான். தாலி கட்டி முடிந்ததும் அவனும் வருகிறான். ஓவியாவிடம் எப்படிச் சொல்வது என்று நின்றேன். அவளே வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "கோ தாத்தா. பாட்டிகூட சேர்ந்து போன்ல பாருங்க" என்றாள். குழந்தைக்கு மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. வரும்போது ஏர்போர்ட்டில் வீல்சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், அப்படியே திரும்பி வருகிறேன். இந்தக் கடிதம் இன்றைக்கு ஊருக்குக் கிளம்பும் சாய்ராமின் வீட்டுக்காரி கலாவதி கையில் எனக்கு நாலு நாள் முன்னால் உன்னிடம் வந்துவிடும். அந்த நாலு நாளில் நீ அழுது முடித்துவிடு. நான் வந்த பிறகு அழ வேண்டாம்.

பச்சைப் பட்டை இன்னும் வெட்டவில்லை. பெட்டியில் எடுத்து வருகிறேன். இத்தனை வருஷத்தில் உன்னை நான் டேப் வைத்து அளந்ததே இல்லை. நீ நூல் கொடுப்பாய், நான் தைப்பேன், அதையே மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்துவிட்டேன். இந்தத் தடவை நூல் வேண்டாம், தாயி. எத்தனை இளைத்திருந்தாலும் என்னிடம் மறைக்காதே. கையை நீட்டிக்கொண்டு என் முன்னால் நில், நிற்க முடியாவிட்டால் உட்கார். நானே அளக்கிறேன். உள்ளது எவ்வளவோ அவ்வளவுக்குச் சரியாகத் தைத்துப் போடுகிறேன். அதைப் போட்டுக்கொண்டு நாம் இரண்டு பேரும் பேத்தி கல்யாணத்தைப் பார்ப்போம்.

அதுவரைக்கும் நேரத்துக்கு ஒரு வாய் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் நஞ்சுண்டன்

கையெழுத்துப் போடத் தெரியாததால் பெயருக்குக் கீழே ஒரு தையல் போட்டிருக்கிறேன். தடவிப் பார். கள்ள முடிச்சு இல்லை.