தனக்கே போட்டியாக ஏலம் கேட்டவன்

தூத்துக்குடி,
திங்கட்கிழமை

அன்பு மகள் ஜாஸ்லினுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் உன் தம்பியும் புதிதாக வந்த ஆடும் சுகம். கனடாக் குளிரில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் உன் அம்மா பாதியிலேயே பிடுங்கிக்கொள்வாள், அதனால் கடிதம்.

ஆடு வந்த கதையைக் கேள். கோயிலில் அறுப்பின் பண்டிகைக் காணிக்கை ஏலத்தில் உன் தம்பி ஜெரால்டு ஒரு கிடாவுக்கு விலை கேட்டான். எதிர்த்துக் கேட்க ஆளில்லை, ஆனாலும் பயல் பொறுக்கமாட்டாமல் தான் சொன்ன விலைக்கு மேலே தானே இரண்டு தடவை ஏற்றினான். சபையே சிரித்தது. கமிட்டிச் செயலர் நேசக்குமார் அண்ணாச்சி மைக்கிலேயே கிண்டலடிக்க, இவன் அவரைப் பிடித்துத் தள்ள, அவர் காணிக்கைப் பூசணிக்காய்களின் மேல் போய் உட்கார்ந்தார். ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் மூக்கை உடைத்தவன். இனிமேல் கண்டிப்பான விடுதிதான் என்று அம்மா நீ சொன்ன இடத்துக்கு விண்ணப்பமும் வாங்கிவிட்டாள்.

அதை அனுப்பும் முன் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். பள்ளிக்கூடத்திலும் விசாரித்துவிட்டு, கவனக்குறைபாடு என்றார். அது இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் முரடாவதில்லையாம். ஆனால் யோசிக்கும் முன்னே கை போய்விடும், அதற்கு நாள் முழுக்கத் திட்டு விழும், கடைசியில் அந்தக் கெட்ட பெயருக்கே பழகிவிடுவார்களாம். மாத்திரையும் பயிற்சியும் உண்டு, வீட்டார் பங்குக்கு வாயை அடக்க வேண்டும் என்றார். அவர் கேள்வியை முடிக்கும் முன்னே நான் பதில் சொல்லிக்கொண்டிருந்ததில், என்னையும் ஒரு மாதிரி பார்த்தார். உன் அம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷம்.

திரும்பும் பஸ்ஸில் வல்லநாடு தாண்டியதும் அவன், “அப்பா, அப்ப நான் வேணும்னு செய்யலன்னு இப்பமாவது நம்புதியளா?” என்று கேட்டான். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிற நான், நம்புதேம்லே என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் அவனே போய் அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டான். அவர் காப்பி கொடுத்து, அடுத்த ஏலத்துக்குக் கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வரச் சொன்னாராம். நீயும் அவனிடம் பேசு ஏளா. எடுத்தவுடன் மார்க்கைக் கேட்காதே, ஆட்டைக் கேள்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. காதை மூடித் தொப்பி போடு.

உன் அப்பா,
தேவபிரசாதம்

பி.கு.: விடுதி விண்ணப்பத்தை ஆடு தின்றுவிட்டது. கயிறு தானாக அவிழ்ந்ததென்று அம்மா நம்புகிறாள். அவள் விசுவாசத்தைக் கெடுக்காதே. இன்னொன்று அனுப்பிவிடவும் வேண்டாம், ஆட்டுக்கு வயிறு சரியில்லை.